வீடு 214இன் இரண்டாவது பெயர்

இன்ஷாப் பள்ளிவாசல் காரியாலயத்துக்குள் வந்து நிற்பது யாருக்கும் தெரியாது. செருப்புச் சத்தம் இல்லை, ஸலாம்கூட வாய்க்குள்ளேயே முடிந்துவிடும். நான் ஒரு கடிதத்தை அடித்து முடித்துவிட்டுத் திரும்பினால் முதுகுக்குப் பின்னால் ஆள் நிற்பான். "அல்லாஹ்வே! மனிசன மௌத்தாக்கப் போறியாடா?" என்று எத்தனை தடவை ஏசியிருப்பேன். ஒரு சிரிப்புச் சிரிப்பான். அன்றைய பேச்சில் பாதி அதோடு முடிந்தது.

என் பெயர் மசூர், இளசுகளுக்குக் காக்கா, அதாவது அண்ணன். கல்முனைக்குடியில் எங்கள் பள்ளிவாசலுக்கு எழுதுவினைஞராக இருபத்திரண்டு வருடமாகக் குந்திக்கொண்டிருக்கிறேன். எனக்கு வாய் அதிகம், கோபம் அதைவிட அதிகம். என் மனைவி உம்முவைக் கேட்டால் இன்னும் நாலு சொல்லுவாள். கதைக்காத ஒருவனைக் கண்டால் எனக்குச் சும்மா இருக்க ஏலாது. கிண்டிக் கிண்டியாவது ஒரு சொல்லை வாங்கிவிட வேண்டும். இன்ஷாபை நான் பிடித்துக்கொண்டது அப்படித்தான்.

எட்டு வருடத்துக்கு முன்னர் எங்கள் குடும்பப் பதிவேட்டைக் கணினியில் ஏற்றித் தந்தவன் அவன். அதுவரை அது மூன்று பெரிய கொப்பிகளில் கிடந்தது. கறையான் தின்றது போக மிச்சத்தை நான் வாசித்தேன், அவன் அடித்தான். இப்போது நிக்காஹ் கடிதம், இறந்தவர்களின் ஜனாஸாப் பதிவு, ஹஜ்ஜுப் பெருநாள் குர்பான் இறைச்சிக்கு வீட்டுக்கு வீடு கொடுக்கும் டோக்கன் எல்லாமே அதிலிருந்துதான். இணையத்தில் ஓடுவதால் நான் வீட்டில் கட்டிலில் கிடந்தபடி போனிலும் பார்க்கலாம். கொழும்புக் கொம்பனி ஒன்றுக்கு வேலை செய்பவன், பள்ளிக்கு என்று இதைத் தன் பாட்டில் கட்டிக் கொடுத்தான்.

இந்த 'வீட்டுக்கு வீடு' என்பதை வெளியூர் ஆட்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மகள் பிறந்த அன்றே வாப்பாவுக்குக் கல்லும் சீமெந்தும் மண்டைக்குள் ஓடத் தொடங்கும். கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளை ஒரு பேக்கோடு பெண்ணின் வீட்டுக்கு வருவார். ஒத்துவராவிட்டால் அதே பேக்கோடு வெளிக்கிட வேண்டியவரும் அவர்தான். அதற்குள் அவருடைய உம்மாவின் வீடு தங்கச்சிக்குப் போயிருக்கும். எங்கள் பதிவேடும் இந்த முறையில்தான். ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் இலக்கம். முதல் பெயர் வீட்டுக்காரப் பெண், இரண்டாவது பெயர் புருஷன், பிறகு பிள்ளைகள்.

வீடு 214இல் முதல் பெயர் மர்ஷூதா, இரண்டாவது இன்ஷாப், மூன்றாவது மகள் நிஹ்லா.

மர்ஷூதாவும் இன்ஷாபும் பிரிந்து மூன்று வருடம். முஸ்லிம் விவாகரத்தை விசாரிக்கும் காதி நீதிமன்றத்தில் ஒரு சத்தம் இல்லாமல் முடிந்த வழக்கு. அடி இல்லை, வேறு பெண் இல்லை, குடி இல்லை. மர்ஷூதா அங்கே சொன்னது ஒன்றுதான். "இவரு நல்ல மனிசன். ஆனா பத்து வருஷமா நான் செவரோட கதச்சிட்டிரிக்கன்." இன்ஷாப் அதற்கும் பதில் சொல்லவில்லை. எனக்கு அவன் மீது வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. வாயைத் திறந்து ஒரு சொல் சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளை மனம் மாறியிருப்பாள் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அவன் கல்முனை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடைக்கு மேல்மாடியில் அறை எடுத்துக்கொண்டான். அவனுடைய தங்கச்சி முஸ்பிறா தன் வீட்டுக்கு வரச் சொன்னாள், போகவில்லை. வெள்ளிக்கிழமைகளில் நிஹ்லாவைப் பாடசாலை வாசலில் கண்டு ஒரு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுப்பான். மற்ற நாட்களில் அவன் யாரோடு கதைத்தான் என்று எனக்குத் தெரியாது. ஆனால் பதிவேட்டில் அவன் பெயர் 214இல் அப்படியே கிடந்தது. மாற்ற வேண்டியது என் கடமை. ஒருநாள் மாற்றப் போனபோது பின்னால் நின்றிருக்கிறான். "கிடக்கட்டும் காக்கா," என்றான். நான் கையை எடுத்துவிட்டேன். மூன்று வருடம் கிடந்தது.

இந்த நிலையில்தான் பெருநாளுக்கு ஒரு மாதம் இருக்கும்போது வந்து நின்றான்.

"சேர்வர்காரன் மெயில் போட்டிரிக்கான் காக்கா. இந்த மாசக் கடைசியோட பழசெல்லாத்தையும் நிப்பாட்டுறானாம். நம்மட சிஸ்டம் அஞ்சாம் வெர்ஷன்ல நிக்கிது. பதினொண்டுக்குக் கொண்டு போகணும்."

"கொண்டு போவன். ஆரு வேணாமெண்ட?"

"நீங்களும் இரிக்கணும். ஒவ்வொரு பக்கமாப் பாத்துச் சரி பிழை சொல்லணும்."

அவன் சொன்னதில் எனக்கு விளங்கியது இவ்வளவுதான். பதிவேடு என்பது ஒரு வீடு என்றால், அதைத் தாங்கி நிற்கும் மரச்சட்டம் வேறு யாரோ செய்து தந்தது. அதற்குப் பெயர் பிரேம்வேர்க். செய்தவர்கள் வருடத்துக்கு வருடம் புதிதாகச் செய்கிறார்கள், பழையதைத் திருத்த மாட்டார்கள். நாங்கள் குடியிருந்துகொண்டே சட்டத்தை மாற்ற வேண்டும். அதுவும் ஒரேயடியாக இல்லை. ஐந்திலிருந்து ஆறு, ஆறிலிருந்து ஏழு என்று படி படியாக. ஒவ்வொரு படியிலும் ஏதோ ஒன்று உடையும், அதைத் திருத்தினால்தான் அடுத்தது.

அந்த வேலையை அவன் தன் அறையிலிருந்தே செய்திருக்கலாம். பகல் லுஹர் தொழுகை முடிந்ததும் லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு தினமும் என் மேசைக்கு எதிரே வந்து குந்தினான். நான் கேட்கவும் இல்லை. இரண்டு பிளேன்டீ சொல்லிவிடுவேன்.

ஆறாம் வெர்ஷனில் டோக்கன் அச்சடிக்கும் பக்கம் போனது. ஏழில் திகதிகள் தலைகீழாகின. எட்டாம் வெர்ஷனுக்கு ஏறிய அன்று தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகிவிட்டது. ஆயிரத்து எண்பத்து நாலு வீட்டுச் சனமும் கேள்விக்குறி!

"டேய், ஹாஜியாரும் கேள்விக்குறியாடா?" என்று கேட்டேன். ஸஹீத் ஹாஜியார் எங்கள் பள்ளிவாசல் தலைவர்.

"அவருக்கு அஞ்சு கேள்விக்குறி காக்கா," என்றான்.

நான் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது. அவனும் சத்தமாகச் சிரித்தான். வேலை செய்துகொண்டு சிரிப்பவனாக அவனை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. பயப்பட ஒன்றும் இல்லையாம், எல்லாம் சோதனைப் பிரதியில்தான் நடக்கிறதாம், உண்மையான பதிவேடு பத்திரமாக இருக்கிறதாம். மறுநாள் எழுத்துகள் திரும்பி வந்தன.

பதினொன்றாம் வெர்ஷனில்தான் மாட்டிக்கொண்டோம். எல்லாரும் ஏறிவிட்டார்கள், முப்பத்தேழு பேரைத் தவிர. அந்த முப்பத்தேழு பெயரையும் புது வெர்ஷன் ஏற்க மறுத்தது. அவர்களுடைய வீட்டு இலக்கம் பூச்சியம்.

அந்தப் பூச்சியம் என் வேலை. எட்டு வருடத்துக்கு முன் கொப்பி வாசிக்கும்போது சில ஆண்களுக்கு வீடு இல்லை. விவாகரத்தானவர்கள், மனைவி மௌத்தாகிப் பெண் பிள்ளையும் இல்லாதவர்கள். "இவங்கள எந்த வீட்டுல போட?" என்று அவன் கேட்டபோது நான்தான், "பூச்சியம் போடு, மறுகா பாப்பம்," என்றேன். பழைய வெர்ஷன் எதைக் கொடுத்தாலும் விழுங்கியது. புதியது ஒவ்வொரு ஆளுக்கும் உண்மையிலேயே ஒரு வீடு இருக்கிறதா என்று பார்க்கிறது. பூச்சியம் என்று ஒரு வீடு இல்லை. இதை இப்படியே விட்டால் அந்த முப்பத்தேழு பேருக்கும் இந்தப் பெருநாளில் டோக்கன் அச்சாகாது. நாளைக்கு மௌத்தானால் ஜனாஸாப் பதிவிலும் பெயர் இருக்காது.

ஸஹீத் ஹாஜியார் வந்து கேட்டுவிட்டு, "தங்கச்சிமார்ட வீட்டுல போட்டு விடுங்க, என்னத்துக்கு இவ்வளவு கதை?" என்று சொல்லிவிட்டுப் போனார். ஓர் ஆளுக்குத் தங்கச்சி வீட்டில் பெயர் போடுவது மூக்குத் துடைக்கும் கைலேஞ்சியை மடித்து வைப்பது போல என்று அவருக்கு நினைப்பு. சரி என்று நான் ஒவ்வொருவராகப் போன் அடித்தேன், ஸ்பீக்கரில் போட்டு. இன்ஷாப் கேட்டுக்கொண்டிருந்தான்.

முதலாவது பக்கீர் முகைதீன். முன்னர் கடலுக்குப் போனவர், இப்போது கடற்கரையில் வாடி என்ற ஓலைக் குடிசையில் வலைகளுக்குக் காவலாகப் படுத்திருக்கிறார்.

"தங்கச்சி வீட்டுல போடாதீங்க தம்பி," என்றார். "மச்சினன் ஒரு மாதிரி. நான் அந்த வீட்டுல பங்கு கேக்க வந்திட்டன் எண்டு நினைப்பார். நான் பூச்சியத்திலயே கிடக்கன். எனக்கு அது பழகிட்டு."

இன்ஷாப் போனுக்குக் கிட்டக் குனிந்தான். "பூச்சியத்த இப்ப சிஸ்டம் ஏத்துக்குதில்ல பெரியப்பா."

"அப்ப என்ட பேர எடுத்திருங்க மகன். ஒரு ஆள் குறைஞ்சா என்ன?"

போனை வைத்த பிறகு இன்ஷாப் கதைத்தான். அவன் ஒரே மூச்சில் இவ்வளவு கதைத்து நான் கேட்டது அன்றுதான். "ஆரையும் எடுக்கத் தேவல்ல காக்கா. ஆளுக்கொரு வீட்டு நம்பர் குடுப்பம். ஆயிரத்து எண்பத்தஞ்சிலருந்து. வீடெண்டா செவரா இரிக்கணும் எண்டு சிஸ்டம் கேக்கல்ல. வாடியும் வீடு, கடை மாடியும் வீடு. ஒரு ஆள் இரிக்கிற வீடெண்டு போடுவம். ஹாஜியாருக்கு நான் சொல்றன்."

உண்மையிலேயே போய்ச் சொன்னான். ஹாஜியார், "வீடில்லாதவனுக்கு வீட்டு நம்பராடா?" என்று குதித்தாராம். இவன் அசையாமல் அவர் சரி சொல்லும் வரைக்கும் முன்னால் நின்றிருக்கிறான். அந்த விஷயத்தில் அவனை வெல்ல ஆள் இல்லை. முப்பத்தேழு பேருக்கும் வீடு கிடைத்தது. ஆயிரத்து நூற்றி இருபத்தொன்று வரைக்கும் போனது.

அடுத்த மடத்தனம் நான் செய்தது. புது வெர்ஷன் ஏறியதும், பதிவெல்லாம் சரியா என்று வீட்டுக்காரர்களிடமே கேட்டால் என்ன என்று தோன்றிவிட்டது எனக்கு. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு மெசேஜ். 'உங்கள் வீட்டில் பதிவாகியுள்ளோர் இவர்கள். சரியெனில் 1. பிழையெனில் 2 என்று போட்டு, விடுபட்ட அல்லது நீக்க வேண்டிய பெயரை எழுதவும்.' பதிலெல்லாம் என் திரைக்கு வரும், இரண்டு என்று வந்தால் நான் ஏற்கலாம், அல்லது நிராகரிக்கலாம். பெரிய மூளைசாலி போல சொல்லி முடித்த பிறகுதான் 214 எனக்கு ஞாபகம் வந்தது. என் தலையில் நானே அடித்துக்கொள்ளாதது ஒன்றுதான் குறை.

"214ஐ விட்டிருவம்டா," என்றேன் மெதுவாக. "அதுக்கு அனுப்பத் தேவல்ல."

இன்ஷாப் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். "எல்லா வீட்டுக்கும் எண்டா எல்லா வீட்டுக்கும்தான் காக்கா," என்று சொல்லி அனுப்பிவிட்டான்.

அவன் மனதில் என்ன இருந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும். மர்ஷூதா என்ன சொல்வாள் என்று கேட்க அவனுக்கு வாய் வராது. மூன்று வருடமாக வரவில்லை. இப்போது கணினி கேட்டது.

பதில்கள் விழத் தொடங்கின. ஒன்று, ஒன்று, இரண்டு, ஒன்று. ஒருவர் மெசேஜுக்குப் பதிலாக ஸலாம் அனுப்பியிருந்தார். இருபது நிமிடம் இருக்கும்.

வீடு 214. பதில் 1.

இன்ஷாப் எழுந்துவிட்டான். திரும்பக் குந்தினான். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சேட்டில் துடைத்தான். நான் வேறு பக்கம் பார்ப்பது போலப் பாவனை செய்தேன், ஆனால் என்னால் ஏலவில்லை. "பாத்தியாடா?" என்றேன்.

"ஓம்," என்றான். பிறகு, "காக்கா, நான் போய் அவவோட ஒருக்காக் கதைக்கவா?"

"கேக்கிறியே மடையா! போ! இண்டைக்கே போ!"

"நாளைக்குப் போறன். என்ன சொல்லணும் எண்டு யோசிக்கணும்," என்று சொல்லிவிட்டு லெப்டொப்பைக்கூட மூடாமல் தொழப் போனான்.

அவன் மாலை அஸர் தொழுகையில் நிற்கும்போது காரியாலயப் போன் அடித்தது. மர்ஷூதா.

"காக்கா, அந்த மெசேஜுக்கு நான் பதில் போடல்ல. போன் நிஹ்லாட கையில இரிந்த. ஏன் ஒண்டு போட்ட எண்டு கேட்டா, சரிதானேம்மா எண்டு சொல்றா." பிறகு விஷயத்துக்கு வந்தாள். "அவர்ட பேர எடுத்திருங்க காக்கா. எனக்குக் கலியாணம் பேசி முடிஞ்சிட்டு. மருதமுனை ஆள், ஸ்கூல் மாஸ்டர். பெருநாளுக்குப் பிறகு நிக்காஹ். பள்ளிக் கடிதத்துக்கு வரக்குள்ள அந்தப் பேரு கிடந்தா அவங்கட ஆக்கள் என்ன நினைப்பாங்க?"

"நீயே சொல்லன் மகள் அவனுக்கு."

"நான் சொன்னாக் கேட்டுட்டு நிப்பார் காக்கா. ஒண்டும் கதைக்க மாட்டார். இன்னொருக்கா அதப் பாக்க எனக்கு ஏலா."

அவள் அழுதாள். அவள் மீது எனக்குக் கோபம் வரவில்லை. யார் மீது கோபப்படுவது என்று தெரியாமல் மேசையில் கிடந்த பைலைத் தூக்கி அடித்தேன், தாளெல்லாம் நிலத்தில். இன்ஷாப் தொழுதுவிட்டு வந்தபோது நான் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தேன். அவனும் குந்திப் பொறுக்கினான். அப்படிப் பொறுக்கிக்கொண்டே சொல்லிவிட்டேன், முகத்தைப் பார்க்காமல். நிஹ்லாவைச் சொன்னேன், மாஸ்டரைச் சொன்னேன், பெருநாளைச் சொன்னேன்.

அவன் தாள்களை அடுக்கி மேசையில் வைத்தான். "நானே எடுக்கன் காக்கா," என்றான்.

எடுக்க முடியவில்லை. ஓர் ஆளை ஒரு வீட்டிலிருந்து நீக்குவதென்றால், எந்த வீட்டுக்குப் போகிறார் என்று சொல்லாமல் புது வெர்ஷன் விடாது. அவனே எழுதிய விதி. புது வீடு ஒன்று திறந்தான். ஆயிரத்து நூற்றி இருபத்திரண்டு. தன் பெயரை அங்கே மாற்றிவிட்டு 214ஐத் திறந்து காட்டினான். மர்ஷூதா, நிஹ்லா. நடுவில் இடைவெளிகூட விடாமல் நிஹ்லா மேலே ஏறி இரண்டாவது பெயராக நின்றாள்.

"பெருநாளைக்கு நம்மட வீட்ட வா," என்றேன். "உம்மு புரியாணி போடுறா. வராட்டிக் காலை முறிப்பன்."

"பாப்பம் காக்கா," என்று சொல்லி லெப்டொப்பைப் பேக்கில் வைத்துக்கொண்டு இறங்கினான். அவன் போகும்போதுதான் வேலை முடிந்துவிட்டது என்பது எனக்கு உறைத்தது. நாளைக்கு அவன் வருவதற்குக் காரணம் ஒன்றும் இல்லை.

மறுநாள் லுஹர் தொழுதுவிட்டு வந்தேன். பழக்கத்தில் இரண்டு பிளேன்டீ சொல்லிவிட்டேன், இரண்டையும் நானே குடித்தேன். பிறகு முதல் நாள் வந்த திருத்தங்களைப் பார்க்கக் குந்தினேன். புதிதாகத் திறந்த வீட்டுக்கும் அந்த மெசேஜ் தானாகவே போகும் என்பதை நான் யோசித்திருக்கவில்லை. பட்டியலின் அடியில் அது கிடந்தது.

வீடு 1122. பதில் 2. விடுபட்ட பெயர்: நிஹ்லா.

மனிதன் மூன்று வருடத்தில் தனக்கென்று கேட்ட முதல் விஷயம். அதையும் காதியாரிடம் கேட்கவில்லை, மர்ஷூதாவிடம் கேட்கவில்லை, தான் எழுதிய பெட்டிக்குள் எழுதியிருக்கிறான். அது என்னிடம்தான் வரும் என்று அவனுக்குத் தெரியும். நான் என்ன செய்வேன் என்பதும் தெரியும். ஒரு பிள்ளையை இரண்டு வீட்டில் பதிய முடியாது. உம்மாவின் வீட்டிலிருந்து எடுத்து இங்கே போட எனக்கு உரிமையும் இல்லை.

நிராகரி என்று அழுத்தினேன். போகவில்லை. 'காரணம் குறிப்பிடப்படவில்லை' என்று சிவப்பில் வந்து நின்றது. பழைய வெர்ஷனில் காரணம் கேட்காது. பாழாய்ப்போன சாமான், மனிசனை நிம்மதியாக ஒரு பாவத்தைச் செய்ய விடுகிறதா! எனக்கு அழுகை வந்துவிட்டது, ஏன் மறைக்க வேண்டும்? கண்ணைத் துடைத்துவிட்டு, 'பிள்ளை உம்மாவின் வீட்டில் இருக்கிறாள்' என்று அடித்து அனுப்பினேன்.

உடனே அவனுக்குத் திரும்பவும் மெசேஜ் போயிருக்கும். உங்கள் வீட்டில் பதிவாகியுள்ளோர்: இன்ஷாப். சரியெனில் 1. நான் வேறு வேலை ஒன்றும் பார்க்காமல் திரையின் முன்னால் குந்தியிருந்தேன். அஸர் பாங்கு சொல்லி, ஆட்கள் கை கால் கழுவி வுழூச் செய்யும் சத்தம் கேட்கத் தொடங்கியபோது அவனுடைய பதில் வந்தது.

1.